சிவப்பு அட்டை எலிகள்

எலிக்கு வாழ்க்கை வெறுத்துப்போய்விட்டது என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு கருத்தரங்க மேடையில் சொன்னார். முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். அந்த எலிகளை அவர் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு. எலியைத் தூக்கியவள், ஊசி போட்டவள், எடை பார்த்தவள் எல்லாம் நான். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நானும்தான் தலையாட்டினேன். ஆகவே இந்தக் கதையில் யாரையாவது காறித் துப்ப வேண்டுமென்றால் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவள் நானேதான்.

வண்டலூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தனியார் கல்லூரி. அதில் மருந்தியல் துறை. பார்க்கின்சன் நோயில் மனசுக்கு என்ன ஆகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. கை நடுங்குவதை ஊரே பார்க்கிறது. ஆசை குறைகிறதா, சந்தோஷம் மங்குகிறதா, இது வேண்டும் அது வேண்டாம் என்று முடிவெடுக்கிற திறமை போகிறதா, இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மனிதனின் மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. எனவே எலிக்கு அந்த நோயை வரவழைப்போம். ஒரு பூச்சிமருந்தை எண்ணெயில் கலந்து நாள்தோறும் ஊசி போட்டால் சில வாரத்தில் எலி விறைத்து விறைத்து நடக்க ஆரம்பிக்கும்.

ஏன் இந்தத் தலைப்பு என்று சேர்க்கை நேர்காணலில் கேட்டார்கள். என் அப்பாவுக்கு இந்த நோய் இருக்கிறது என்றேன். தொண்டை கொஞ்சம் அடைத்த மாதிரி சொன்னேன். ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடம் கிடைத்துவிட்டது. அப்பாவின் நோயால் நான் அடைந்த முதல் லாபம் அது.

சோதனைகள் இரண்டு. முதலாவது, கூண்டில் இரண்டு பாட்டில் மாட்டுவது. ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீர். நல்ல எலி சர்க்கரைப் பக்கமே ஓடும். ஓடவில்லையென்றால் அதற்கு இன்பம் என்பது மரத்துவிட்டது என்று பொருள். இரண்டாவது, ஒரு மரப்பெட்டி. நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் ஒரே ஒரு தீனி உருண்டை. மறுபக்கம் நான்கு உருண்டை, ஆனால் நடுவே ஒரு கம்பி வலையை ஏறிக் குதிக்க வேண்டும். நல்ல எலி ஏறும். நோயாளி எலி ஒன்றே போதும் என்று இந்தப் பக்கம் வந்துவிடும். இதற்கு முந்தைய நாள் எல்லா எலிகளையும் அரைப் பட்டினி போட வேண்டும். பசி இருந்தால்தானே ஏறும்.

எது நோயாளி எலி, எது நல்ல எலி என்று சோதிக்கிறவருக்குத் தெரியக் கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. எங்கள் கூடத்தில் நோயாளி எலியின் கூண்டுக்குச் சிவப்பு அட்டை, நல்ல எலிக்கு வெள்ளை அட்டை. அதுவும் கூண்டின் முகப்பிலேயே, கல்யாண மண்டப வாசலில் பெயர்ப் பலகை வைப்பது போல. கேட்டதற்கு, “குழப்பம் வராம இருக்கும்மா” என்றார் சார். குழப்பம் வரவே இல்லை. எந்த எலி சோகமாக இருக்க வேண்டும் என்று கூண்டைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

எலிக் கூடத்தைக் கூட்டித் துடைத்து, தண்ணீர் மாற்றி, மரத்தூள் கொட்டுவது ஓர் அக்கா. எனக்குப் பத்து வயது மூத்தவர். அவர் தொட்டால் எலி கத்தாது. நான் தொட்டால் கத்தும். ஊசி என் கையில்தானே இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் துறையில் அது பெரிய விழா. தராசுக்கும் நுண்ணோக்கிக்கும் குளிர்பெட்டிக்கும் சந்தனப் பொட்டு. இரத்தம் சுழற்றும் இயந்திரத்தின் மூடியில் செவ்வந்தி மாலை. வருஷம் முழுக்க அந்த இயந்திரத்தைத் துடைக்க ஆளில்லை, அன்றைக்கு மட்டும் அதற்குக் கற்பூரம். வகுப்பில் மூடநம்பிக்கை பற்றி முழங்கும் சார்தான் பட்டு வேட்டியில் தட்டைச் சுற்றினார். பொரி, கடலை, வெல்லம் எல்லாருக்கும் பொட்டலம் போட்டார்கள். அப்போதுதான் அக்கா கேட்டார்:

“சார், எலிங்களுக்கும் ஒரு வாய் பொரி போடட்டா சார்? அதுங்கள வெச்சித்தான நம்ம பொயப்பு ஓடுது.”

சார் கைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். “போடுங்க, போடுங்க” என்று கையை ஆட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவள், என் பொட்டலத்தில் வெல்லத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த மாதம் சோதனைகள். சிவப்பு அட்டை எலிகள் சர்க்கரைத் தண்ணீரைச் சீந்தவில்லை. கம்பி வலைப் பக்கம் திரும்பவில்லை. வெள்ளை அட்டை எலிகளோ பாய்ந்து பாய்ந்து ஏறின. புத்தகத்தில் எழுதி வைத்த மாதிரி முடிவு. இவ்வளவு சுத்தமாக வந்தால் எவருக்கும் ஒரு சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. ஒரே ஒரு இடம்தான் உறுத்தியது. நோயாளி எலிகள் மெலிய வேண்டும். எடை நோட்டில் அவை மெலியவில்லை, இரண்டு மூன்று கொழுத்தே இருந்தன. சாரிடம் காட்டினேன்.

“அட, இது நாவல் ஃபைண்டிங்மா! இதுவரைக்கும் யாரும் சொல்லாதது. இதை வெச்சே தனியா ஒரு பேப்பர் போடலாம்.”

அந்த மேடைப் பேச்சு இதற்குப் பிறகுதான் நடந்தது.

இனி அப்பா. பொழிச்சலூரில் எங்கள் வீடு. தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். அம்மா போய் ஆறு வருஷம். அண்ணன் பெங்களூரில். அப்பா தாம்பரம் பக்கம் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். நோய் வந்து முகத்துத் தசைகள் இறுகிவிட்டன. சிரித்தாலும் கோபப்பட்டாலும் ஒரே முகம். குரலும் உள்ளே போய்விட்டது. ஐப்பசி மழையில் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஏழாகும். பெருங்களத்தூருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்தோம். அப்பாவிடம் சொன்னேன்.

“நான் வரல. என் வூட்ல நான் கீறேன்” என்றார்.

மறுநாள் மறுபடி சொன்னேன். அதே பதில். மூன்றாவது தடவை டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு சாதாரண மகளாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது ஒன்று. நான் ஆராய்ச்சியாளர் ஆயிற்றே! அப்பாவின் மறுப்பு முடிவா, நோயின் அறிகுறியா என்று கண்டுபிடிக்கக் கிளம்பினேன். அப்பாவுக்கு பாதுஷா என்றால் உயிர். சம்பள நாளில் மேற்குத் தாம்பரத்திலிருந்து அரை கிலோ வாங்கி வந்து, பாதியை வழியிலேயே தின்றுவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அவர் நாற்காலி பக்கத்து முக்காலியில் ஒரு மாரி பிஸ்கட் வைத்தேன். எதிர்ச் சுவரோரம் அலமாரித் தட்டில், அவர் எழுந்து எட்டு அடி நடந்தால் எட்டும்படி, நான்கு பாதுஷா. சமையலறை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பா மாரி பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்தார். பத்து நாள் வைத்தேன், பத்து நாளும் அதே. பிறகு காபி. ஒருநாள் சர்க்கரை போட்டது, ஒருநாள் போடாதது. இரண்டையும் ஒரே முகத்தோடு குடித்து டம்ளரை வைத்தார். எல்லாவற்றையும் எலி நோட்டிலேயே, பின்பக்கத்திலிருந்து எழுதினேன். ‘இனிப்பில் நாட்டமில்லை. குறைந்த முயற்சியையே தேர்கிறார்.’

அண்ணனிடம் ஃபோனில் படித்துக் காட்டினேன். “நீ சொன்னா சரிதான். நீதானே சயின்டிஸ்ட்” என்றான். பாரம் இறங்கிய குரல் அது. என் குரலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இல்லத்தின் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி: தன் முடிவுகளைத் தானே எடுக்கக் கூடியவரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ‘இல்லை’யில் டிக் அடித்தேன். அந்த டிக் விழுந்தால் அவர் கையெழுத்து தேவையில்லை, என் கையெழுத்தே போதும். பொங்கல் முடிந்த திங்கட்கிழமை சேர்ப்பதாகப் பேச்சு. படிவத்தை ஃபிரிட்ஜ் மேல் செருகி வைத்தேன்.

காணும் பொங்கலன்று எலிகளுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் காலையிலேயே கல்லூரிக்குப் போனேன். மிருகக்காட்சி சாலைக்குப் போகும் கூட்டத்தில் வண்டலூரே அல்லோலகல்லோலப்பட்டது. எலிக் கூடத்தில் மட்டும் ஆளரவம் இல்லை. விளக்கைப் போட்டதும் எறும்பு வரிசை தெரிந்தது. ஜன்னலிலிருந்து இறங்கி, சுவரோரமாக வந்து, இரும்பு ரேக்கின் காலில் ஏறியது. கீழ்த் தட்டில் இருந்த வெள்ளை அட்டைக் கூண்டுகளை ஒன்றுகூடச் சட்டை செய்யவில்லை. நேரே மேல் தட்டுக்குப் போய், சிவப்பு அட்டைக் கூண்டு ஒவ்வொன்றுக்குள்ளும் பிரிந்து நுழைந்தது. ஒரு கூண்டைத் திறந்து மரத்தூளைக் கிளறினேன். புளியங்கொட்டை அளவு வெல்லக் கட்டி. அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தார். தலையில் பூ, புதுப் புடவை, கையில் தூக்கு. என்னைக் கண்டு கொஞ்சம்கூடப் பதறவில்லை.

“நீயும் வந்துட்டியா? சக்கரைப் பொங்கல் எட்த்தாந்தேன். உனுக்கும் கீது, இந்தா.”

“அக்கா, இந்த வெல்லம்?”

“நான்தான். ஆயுத பூசையிலருந்து டெய்லி வெக்கிறனே. சார்தான போடச் சொன்னாரு?”

“சிவப்பு அட்டைக்கு மட்டும் ஏன்க்கா?”

“அதுங்கதான சீக்கு புட்ச்சதுங்க? நல்லா கீற எலிக்கு இன்னாத்துக்கு? நீ பட்டினி போட்டுட்டு உம்பாட்டுக்குப் பூடுவ. அதுங்க என் மூஞ்சியத்தான் பாத்துகினு கீதுங்க. அன்னிக்கிதான் ரெண்டு துண்டா வெப்பேன்.”

பட்டினி நாளில் இரண்டு துண்டு. வயிறு நிறைய வெல்லம் தின்ற எலி சர்க்கரைத் தண்ணீரை எதற்குக் குடிக்கும்? கம்பி வலையை எந்தப் பைத்தியம் ஏறும்? மூன்று மாதம் அந்தக் கூண்டுகளில் கைவிட்டிருக்கிறேன். ஒரு வெல்லத் துணுக்கைப் பார்க்கவில்லை. எலியின் இன்பதுன்பத்தை ஆராய்கிறவளுக்கு எலி என்ன தின்றது என்று தெரியவில்லை. அக்காவின் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அந்தக் கூடத்தில் எலிக்கும் பசிக்கும் என்று நினைத்த ஒரே ஆள் அவர்தான். சர்க்கரைப் பொங்கலை வாங்கித் தின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்து சாரை அழைத்தேன். எறும்பு, வெல்லம், பூஜை எல்லாம் சொன்னேன்.

“எறும்பா? அதெல்லாம் தீசிஸ்ல வராதும்மா. விடு. அந்தம்மாவை வேற டிபார்ட்மெண்டுக்கு மாத்திடலாம்.”

“நீங்கதானே சார் போடச் சொன்னீங்க?”

“நானா? நான் எப்போ சொன்னேன்?” அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நினைவில்லை.

“எல்லாத்தையும் திரும்ப முதல்லேர்ந்து பண்றேன் சார். அக்காவை மாத்தினீங்கன்னா, பொரி போட்டது யார் உத்தரவுலன்னு தீசிஸ்லயே எழுதுவேன்” என்றேன்.

அவர் ஃபோனை வைத்துவிட்டார். அக்கா இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

பெருங்களத்தூரில் பஸ் நின்றது நின்றதுதான். ஊருக்குப் போய்த் திரும்புகிற கூட்டம், மூட்டை முடிச்சு, குறுக்கே புகும் ஆட்டோ. டிரைவர் வலது பக்கம் ஒரு பார்வை, கண்ணாடியில் ஒரு பார்வை, இரண்டு அடி நகர்த்தினார். பிறகு நிறுத்தினார், மறுபடி நகர்த்தினார். முப்பது வருஷம் இதே இடத்தில், ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகலாமா வேண்டாமா என்று அப்பா முடிவெடுத்திருப்பார்! பஸ்ஸை ஒருவர்மேல்கூட ஏற்றாமல் ஓய்வு பெற்றவர். அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று, இரண்டு கட்டத்தில் ஒன்றில் டிக் போடத் தெரிந்த நான் எழுதிவிட்டேன். ச்சீ என்றிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றாமலே கேட்டேன்.

“அப்பா, பத்து நாள் வச்சேனே, பாதுஷா. ஏம்ப்பா எடுக்கல?”

அப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். பொத்தானை அழுத்தவே அவருக்கு நேரம் பிடிக்கும். நான் இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“எதுக்கு எட்க்கணும்?”

“உங்களுக்குப் பிடிக்குமே.”

“புடிக்கும். அதுக்கு? நீ அங்க நின்னுகினு மணி பாப்ப. நான் தள்ளாடிகினு எழுந்து போய் எட்க்கணும். நீ நோட்ல எழுதுவ. நான் இன்னா உன் எலியா?”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

“சக்கர இல்லாத காப்பி குட்த்தியே, கண்றாவி. வாய்ல வெக்க முடியல. சொன்னா எழுதுவ. சொல்லலன்னாலும் எழுதுவ. சரி, எழுதிக்கட்டும்னு முழுங்கிட்டேன்.”

“சொல்லியிருக்கலாமேப்பா.”

“நீ கேட்டியா? அப்பா, சக்கர போதுமான்னு ஒரு வாட்டியாச்சும் கேட்டியா?”

முகம் அதே இறுகிய முகம்தான். ஆனால் கண் என்மேலேயே இருந்தது. அதில் இருந்தது நோயும் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ் படியில் தொங்கிக்கொண்டு சலம்புகிறவனைக் கண்ணாடியில் பார்ப்பாரே, அந்தப் பார்வை. என்னை அவர் மதிக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

உட்கார்ந்து அழுதேன். எலி, எறும்பு, வெல்லம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், பகலில் துணைக்கு ஆள் போடுகிறேன், படிவத்தைக் கிழித்துப் போடுகிறேன் என்று ஃபிரிட்ஜ் மேலிருந்து அதை எடுத்தேன்.

“கீக்காத. குடு அத.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். அந்தக் கேள்வி வந்ததும் நின்றார். “இல்லன்னு போட்டுக்கீற” என்றார். பேனா கேட்டார். என் டிக்கின் மேல் ஒரு கோடு இழுத்தார். கை ஆடியதில் கோடு மூன்றாகப் போனது. ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தார். பிறகு கீழே, நான் போட்டிருந்த கையெழுத்தை அடித்துவிட்டு, தன் பெயரை எழுதினார். முதல் எழுத்து பெரிதாக வந்தது. கடைசி எழுத்து கடுகளவுக்குச் சுருங்கிவிட்டது.

“திங்கக்கெயம போறேன்.”

“அப்பா, வேணாம்ப்பா. நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்றேனே.”

“நீ அனுப்பிச்சி நான் போல. நானா போறேன். உன் கண்ணு எதிர்ல எத்தினி நாள்தான் உக்காந்துகினு கீறது?”

அழுகை நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் யாரோ அடித்த மாதிரி வலித்தது. அந்த வலிக்கு அடியிலேயே, இனி காலையில் அவசரமில்லை, குளியலறையில் விழுந்துவிடுவாரோ என்ற பதைப்பில்லை என்று ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. என் வாழ்க்கையில் நான் அருவருத்த விஷயங்களில் அந்த நிம்மதிக்குத்தான் முதல் இடம்.

எலிச் சோதனையைப் புது எலிகளை வைத்துத் திரும்பச் செய்தேன். ஒரு வருஷம் தள்ளிப்போனது. இந்தத் தடவை எல்லாக் கூண்டுக்கும் வெறும் எண்தான். எந்த எண் எந்த எலி என்ற பட்டியல் வேறொரு துறையின் அலமாரியில். நோயாளி எலிகளும் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தன, கொஞ்சம் குறைவாக. வலையையும் ஏறின, கொஞ்சம் நேரமெடுத்து. மேடையில் காட்டுகிற மாதிரி ஒன்றுமில்லை என்று சாருக்குப் பெரிய வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கப் போகிறேன். போன வாரம் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். வராந்தா ஜன்னலுக்கு வெளியே நின்றபோது உள்ளே கேரம் ஆட்டம் நடக்கும் சத்தம் கேட்டது. அப்பாவின் குரல், மெலிதாக, ஆனால் தெளிவாக: “அத்த ஏன்யா அட்ச்ச? ரெட்டு இங்க கீது பாரு.” யாரோ ஏதோ பதில் சொன்னார்கள். அப்பா சிரித்தார். முகம் அசையாமல் தொண்டையிலிருந்து மட்டும் வருகிற சிரிப்பு. அவரிடம் இல்லவே இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்த சிரிப்பு. கையில் பாதுஷா பொட்டலத்தோடு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.